பெத்த தேப்பன்ர விசில்

இருங்கோ தம்பி, அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ. கிளப்பில பதியவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. தமிழ் முகம் ஒண்டு நிண்டு பாத்ததே எனக்குக் காணும். காலமை தொடக்கம் இந்த ஷொப்பிங் சென்டருக்குள்ள மேசை போட்டுக்கொண்டு இருக்கிறன். வந்தது ரெண்டே ரெண்டு பேர். ஒராள் கழிப்பறை எந்தப் பக்கம் எண்டு கேட்டவ. மற்றது நீங்கள்.

அங்கால பலூன் கட்டின மேசையைப் பாத்தனீங்களோ? அது ரிட்ஜ்வே கிளப். பெரிய கிளப். அவைக்கு வரிசை. எங்கட கிளப்பின்ர பேர் பெலிக்கன்ஸ். நாங்களும் ஒரு காலம் வரிசையில ஆக்களை வைச்சிருந்தனாங்கள்தான். அதைப் பிறகு சொல்லுறன்.

உங்கட மகளோ அது, சப்பாத்துக் கடை வாசலில தாயோட நிக்கிறது? எத்தனை வயசு? ஒன்பதோ. நல்ல வயசு. எங்கட சனம் பொம்பிளைப் பிள்ளையளை நடனத்துக்கு விடும், கணக்கு ரியூசனுக்கு விடும், ரக்பி லீக் எண்டால் நெஞ்சில கை வைக்கும். பயப்பிட ஒண்டும் இல்லை. பந்தைக் கையில எடுத்துக்கொண்டு ஓடுறது, எதிர்ப்பக்கம் பிடிச்சு விழுத்தப் பாக்கும். கிளித்தட்டும் மல்யுத்தமும் சேர்ந்த மாதிரி எண்டு வையுங்கோவன். கோட்டுக்கு அங்கால கொண்டுபோய்ப் பந்தை நிலத்தில வைச்சால் அது ட்ரை, நாலு புள்ளி. இந்த டிஸ்ட்ரிக்டில இருக்கிற கிளப்புகள் எல்லாம் சனிக்கு சனி தங்கட பிள்ளையளைக் கொண்டுவந்து மோதவிடும். அதுதான் ஜூனியர் லீக்.

என்ர மகள் விளையாடினவள். ஆதிரை எண்டு பேர். பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டு, ஒரு நாள் சும்மா போய்ப் பாத்தவள். அண்டைக்குப் பின்னேரம் உடம்பு முழுக்கச் சேறோட வந்து வாசலில நிண்டு சிரிச்சாள் பாருங்கோ, அப்பிடி ஒரு சிரிப்பு. என்ர மனுசி சறோ கத்தினவ, பல்லு உடைஞ்சால் ஆர் கட்டுவினம் எண்டு. நான்தான் விட்டனான். அதை நீங்கள் குறிச்சு வைச்சுக்கொள்ளவேணும். நான்தான் விட்டனான்.

சின்ன உருவம். மற்றப் பிள்ளையள் தொங்கா, சமோவாத் தீவுப் பிள்ளையள், ஒவ்வொண்டும் இவளைப் போல ஒண்டரை மடங்கு. ஆனால் இவளைப் பிடிக்க ஏலாது. கையுக்குள்ளால வழுக்கிக்கொண்டு போயிடுவாள். அவையின்ர கோச் மெலே எண்டு ஒரு தொங்கா மனுசி. பெரிய தொண்டை. அவ கோட்டுக்கு வெளிய நிண்டு கூப்பிட்டால் ரெயில் நிலையத்தில நிக்கிறவனும் திரும்பிப் பாப்பான். அவ ஆதிரையைத் தன்ர பிள்ளை மாதிரிப் பாத்தவ. அதுவும் ஒரு பிழைதான், பாசம் வைச்சால் நியாயம் தெரியாது. வாறன் அதுக்கு.

நான் எப்பிடி ரெஃபரி ஆனனான் எண்டு கேளுங்கோ. இந்த லீக்கில ரெஃபரிமார் காணாது. சின்னப் பெடியள்தான் வருவாங்கள், தாய் தேப்பன்மார் ஏசிற ஏச்சில ரெண்டாம் கிழமை வராங்கள். அப்ப ஒவ்வொரு கிளப்பிலயும் ஆரும் பெரியாக்கள் படிச்சு வையுங்கோ, ஆள் வராட்டி நிக்கலாம் எண்டு சொல்லிச்சினம். ஒருத்தரும் கை உயர்த்தேல்லை. நான் உயர்த்தினனான். பகலில குளிர்களஞ்சியத்தில வேலை, இறைச்சிப் பெட்டி ஏத்தி இறக்கிறது. பஸ்ஸில வாற நேரம் விதிப் புத்தகத்தைப் பாடமாக்கினனான்.

எங்கட ஊரில ஒரு விசயம் நடந்தது, தம்பி. பருத்தித்துறைப் பக்கம். கால்பந்து இறுதியாட்டம். நிண்ட மத்தியஸ்தருக்கு ஒரு பக்கத்தில தமக்கையின்ர மகன் விளையாடுறான். கடைசி நிமிசத்தில மருமகன்ர பக்கத்துக்குப் பெனால்டி குடுத்துப்போட்டார். சரியாயும் இருந்திருக்கலாம், ஆருக்குத் தெரியும். சனம் வேலிக் கதியாலைப் பிடுங்கிக்கொண்டு வந்திட்டுது. அதுக்குப் பிறகு அந்த மனுசனுக்கு ஊரில பேர் 'மருமோன் விசில்'. சாகுமட்டும் அதுதான் பேர். செத்த நோட்டீஸ் மதிலில ஒட்டேக்கையும் ஆரோ அவரின்ர பேருக்குக் கீழ கரியால அப்பிடி எழுதிவிட்டவங்கள். நான் என்ர கண்ணால கண்டனான்.

அப்ப, முதல் தரம் ஆதிரையின்ர ஆட்டத்துக்கு ரெஃபரி வராத அண்டைக்கு, என்னை நிக்கச் சொல்லிச்சினம். எதிர்க் கிளப்பின்ர பொறுப்பாளர் வந்து கேட்டார், உங்கட மகள் விளையாடுறா எல்லே எண்டு. ஓம், விளையாடுறாள், நீங்கள் பாருங்கோ எண்டு மட்டும் சொன்னனான். ஆட்டம் துடங்கின கையோட அவளுக்கு எதிராய் ஊதினன். பிழை பெரிசில்லை. அரை அடி முன்னுக்கு நிண்டாள். மற்றப் பிள்ளையளும் நிண்டதுதான். ஆனால் நான் ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியவேணும் எல்லே.

ஆட்டம் முடிய அந்தப் பொறுப்பாளர், ஒரு வெள்ளைக்காரர், வந்து என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார். நீங்கள் நேர்மையான மனுசன், சேர், எண்டார். தம்பி, இந்த நாட்டுக்கு நான் வந்து எவ்வளவு காலம். வேலை செய்யிற இடத்தில என்ர பேரைக்கூட முழுசாய்ச் சொல்லமாட்டாங்கள், கண்ணா எண்டும் சொல்லாங்கள், கேன் எண்டுதான். தகரப் பேணிக்கும் அதுதான் பேர். அண்டைக்கு ஒருத்தன் எல்லாச் சனத்துக்கும் முன்னால என்னைச் சேர் எண்டு கூப்பிட்டுக் கை தந்தான். நான் வீட்ட வந்து அந்தக் கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் இருந்தனான் எண்டால் நீங்கள் சிரிப்பியள்.

அதுக்குப் பிறகு மற்றக் கிளப்புகள் என்னைக் கேட்டு வாங்கத் துடங்கிச்சினம். பெலிக்கன்ஸ் பெட்டையளோட ஆட்டம் எண்டால் அந்த மீசைக்காரரே நிக்கட்டும் எண்டு. எங்கட கிளப்புக்கு அது எவ்வளவு பெருமை. ஆனால் எங்கட கிளப்பில ஒருத்தரும் அதை விளங்கிக்கொள்ளேல்லை.

பந்தைக் கையால முன்னுக்குத் தட்டினால் பிழை. ஒருநாள் அதுக்கு அவளுக்கு எதிராய் ஊதிப்போட்டுக் காரில வரேக்க ஆதிரை கேட்டாள். "அப்பா, அது நான் முன்னுக்குத் தட்டேல்லை. பந்து என்ர கையில படவே இல்லை."

"மைதானத்தில நான் அப்பா இல்லை," எண்டு சொன்னன்.

"அப்ப ஆர்?"

"ரெஃபரி. ரெஃபரியோட எப்பிடிக் கதைக்கிறது எண்டு உனக்குத் தெரியும்."

அவள் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். பிறகு, "சரி சேர்," எண்டாள். அண்டைக்குத் துடங்கினது. வீட்டிலயும் சேர்தான். சேர், சாப்பாடு போட்டிருக்கு. சேர், அம்மா கூப்பிடுறா. சறோவுக்கு அது பிடிக்கேல்லை. நான் சொன்னனான், விடு, பிள்ளை பகிடி விடுறாள் எண்டு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான். எத்தினை தேப்பனுக்கு அந்த மரியாதை கிடைக்கும், சொல்லுங்கோ.

அந்த வருசம் ஒண்டு கவனிச்சனான். மற்றப் பிள்ளையள் அவளுக்குப் பந்து குடுக்கிறதை நிப்பாட்டிச்சினம். அவள் நல்ல இடத்தில நிப்பாள், கையை உயர்த்துவாள், பந்து மற்றப் பக்கம் போகும். பொறாமை, தம்பி. பொம்பிளைப் பிள்ளையளுக்குள்ள அது கூட. நான் மெலேயிட்டப் போய்ச் சொன்னனான், உங்கட பிள்ளையள் என்ர மகளை ஒதுக்கினம் எண்டு. அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "அவளிட்டப் பந்து போனால் விசில் கேக்கும் எண்டு பிள்ளையளுக்குத் தெரியும்," எண்டா. பாருங்கோ கதையை. தாங்கள் செய்யிற பிழைக்கு விசிலைக் குறை சொல்லினம்.

பிறகு ஒருநாள் வீட்டுக்கே வந்திட்டா. தட்டு நிறையக் கிழங்கும் கோழியும் சுட்டுக்கொண்டு வந்தவ. சறோவோட குசினிக்குள்ள நிண்டு கனநேரம் கதைச்சவ. அவவின்ர இங்கிலிசும் சறோவின்ர இங்கிலிசும் எப்பிடிப் பொருந்திச்சுதோ தெரியாது, ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வெளிய வந்திச்சினம். வெங்காயம் வெட்டினவை போல.

மெலே எனக்கு முன்னால இருந்து சொன்னா, இனி எங்கட ஆட்டத்துக்கு நீங்கள் நிக்கவேண்டாம் எண்டு.

"ஆள் வராட்டி ஆர் நிக்கிறது?" எண்டு கேட்டன்.

"ஆள் வராட்டி நாங்கள் ஆட்டத்தை விட்டுக்குடுக்கிறம். தோத்ததாய் எழுதட்டும்."

"எனக்குப் பிழை ஒண்டு காட்டுங்கோ. ஒரு பிழை."

அவ கோழித் தட்டை என்ர பக்கம் தள்ளி வைச்சா. பேந்து சொன்னா, "பிழை இல்லை, கண்ணா. உனக்கு அவளைத் தெரியேல்லை, அவ்வளவுதான்." என்ர பேரைச் சரியாய்ச் சொன்ன ஒரே வெளியாள் அவதான், அதுக்காக நான் விட்டுக்குடுக்க ஏலுமோ? தன்ர டீமுக்குச் சாய்ஞ்சு ஊதிற ஒருத்தன் அவவுக்கு வேணும். நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை எண்டு மரியாதையாய்ச் சொல்லி அனுப்பினனான். கோழி நல்லாய் இருந்தது.

இனிக் கடைசி ஆட்டம். ரிட்ஜ்வேயோட. அதில வெண்டால் பெலிக்கன்ஸ் அரையிறுதிக்குப் போகும். கிளப் துடங்கின காலத்தில இருந்து பெட்டையள் ஒருக்காலும் போனதில்லை. அதைவிட, டிஸ்ட்ரிக்ட் டீமுக்குப் பிள்ளையள் பொறுக்கிறவை அண்டைக்கு வந்து நிண்டவை. ஆதிரையைப் பாக்கத்தான் வருகினம் எண்டு மெலே எல்லாருக்கும் சொல்லிவைச்சிருந்தா. அவள் முதல் நாள் சாப்பிடேல்லை. சப்பாத்தை மூண்டு தரம் துடைச்சுத் துடைச்சு வைச்சாள்.

அண்டைக்கு ரெஃபரி வந்திருந்தான். பொய் சொல்லக்கூடாது, நேரத்துக்கு வந்திருந்தான். பதினேழு வயசுப் பெடியன், மீசையும் சரியாய் முளைக்கேல்லை. இவ்வளவு பெரிய ஆட்டத்தை உவனிட்ட விட்டால் என்ன நடக்கும்? நான் அவனைத் தனிய கூப்பிட்டு, தம்பி, நீ சின்னப் பிள்ளையளின்ர ஆட்டத்துக்குப் போ, இதை நான் பாக்கிறன் எண்டு சொன்னன். அவனுக்கும் நிம்மதி. ரிட்ஜ்வேக்காரரைக் கேட்டன், உங்களுக்குச் சம்மதமோ எண்டு. அவைக்குச் சரியான சந்தோசம். அந்தச் சந்தோசத்தைப் பாத்தால் தெரியும், என்னில எவ்வளவு நம்பிக்கை எண்டு. மெலே தன்ர தொப்பியைக் கழட்டி நிலத்தில போட்டா. ஆதிரை கோட்டில நிண்டுகொண்டு என்னைப் பாத்தாள். பிறகு குனிஞ்சு சப்பாத்து நூலை அவிட்டுத் திருப்பிக் கட்டினாள்.

மழைத் தூறல். நல்ல ஆட்டம், தம்பி. ரெண்டு பக்கமும் விட்டுக்குடுக்கேல்லை. நான் ஆதிரையை ஒருக்கால் பத்து நிமிசம் வெளிய இருத்தினனான், பிடிச்ச பிள்ளையை விடச் சுணங்கினதுக்கு. அந்தப் பத்து நிமிசத்தில ரிட்ஜ்வே ஒரு ட்ரை போட்டது. கடைசி நிமிசம் வந்திட்டுது. நாங்கள் ரெண்டு புள்ளி பின்னுக்கு.

பந்தை அவளுக்கு ஒருத்தரும் குடுக்கேல்லை. ரிட்ஜ்வேப் பிள்ளை ஒண்டின்ர கையால வழுவி விழுந்த பந்து. இவள் குனிஞ்சு எடுத்தாள். எடுத்தவள் ஓடினாள். அப்பிடி ஒரு ஓட்டம் நான் கண்டதில்லை. நாலு பேர் பிடிக்கப் பாத்தவை. ஒருத்தியின்ர கை இவளின்ர காற்சட்டையில பட்டு வழுக்கிப் போச்சு. நான் பின்னால ஓடினன். ரெஃபரி கிட்ட நிக்கவேணும், அது விதி. மூலையில பாய்ஞ்சு விழுந்தாள். கோட்டுக்கு அங்கால. பந்து நெஞ்சுக்குக் கீழ, ரெண்டு கையும் பந்தில, பந்து புல்லில. எனக்கும் அவளுக்கும் நடுவில ஒருத்தரும் இல்லை. கையை நீட்டினால் தொடலாம்.

மற்றப் பிள்ளையள் ட்ரை போட்டால் எழும்பிக் கத்துங்கள். இவள் கத்தேல்லை. அப்பிடியே கிடந்தபடி முகத்தை நிமித்தி என்னைப் பாத்தாள். முகம் எல்லாம் சேறு. கண் மட்டும்தான் தெரிஞ்சது.

அது ட்ரைதான். அதில உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். வேற ஆற்றையும் பிள்ளையெண்டால் அந்த இடத்திலயே கையைக் காட்டியிருப்பன். ஆனால் தலையை நிமித்திப் பாக்கிறன், ரிட்ஜ்வேச் சனம் முழுக்க என்னைப் பாக்குது. கடைசி நிமிசம். மூலை. பெத்த தேப்பன். எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அவைக்கு வரும். நாளைக்கு வரும், அடுத்த வருசம் வரும், நான் செத்தாப் பிறகும் வரும். நான் ஊதினன். பந்து கையை விட்டுட்டுது எண்டு சைகை காட்டினன். ட்ரை இல்லை.

சொல்லுங்கோ, அது எவ்வளவு பெரிய விசயம். தன்ர பிள்ளைக்கு எதிராய் அப்பிடி ஊத எத்தினை பேருக்கு ஏலும்? நீங்கள் ஊதுவியளோ? ஊதமாட்டியள். அதுதான்.

மெலே கத்தவே இல்லை. பிள்ளையள் வரிசையாய் வந்து எதிர்ப்பக்கத்துக்கும் ரெஃபரிக்கும் கை குடுக்கவேணும், அது வழக்கம். ஆதிரை கடைசியாய் வந்தாள். கையை நீட்டினாள். குளிர்ந்த கை. "தாங்க் யூ, சேர்," எண்டாள். மெலேயின்ர காரில ஏறிப் போயிட்டாள். பொறுக்க வந்தவை அதுக்கு முதலே குடையை விரிச்சுக்கொண்டு போயிட்டினம்.

அந்த வருசக் கடைசியில டிஸ்ட்ரிக்ட் எனக்கு ஒரு விருது தந்தது, நேர்மையான மத்தியஸ்தர் எண்டு. மண்டபம் எடுத்து, சாப்பாடு போட்டு. எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. சறோவுக்குத் தலையிடி, வரேல்லை. ஆதிரைக்குப் பள்ளிக்கூடச் சோதினை எண்டு நினைக்கிறன். சோதினை முடிஞ்சிட்டுதோ தெரியாது. ரெண்டு கதிரை எனக்குப் பக்கத்தில சும்மா கிடந்தது. நான் போட்டிருந்த கோட்டைக் கழட்டி ஒண்டில போட்டுட்டு இருந்தனான்.

அடுத்த வருசம் எங்கட பெட்டையளை ரிட்ஜ்வே களவெடுத்தது. ஓம், களவுதான். ஒரு டீம் முழுக்க அங்க போய்ப் பதிஞ்சது. மெலேயும் போயிட்டா. நான் கமிட்டியில எழும்பி நிண்டு கேட்டன், ஏன் போகினம், எங்கட கிளப்பில என்ன குறை எண்டு. எல்லாரும் மேசையைப் பாத்துக்கொண்டு இருந்தவை. உள்ளுக்குள்ள அவைக்கும் அந்தக் களவில பங்கு இருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன்.

ஆதிரை அங்கயும் போகேல்லை. ரிட்ஜ்வேக்காரர் கேட்டுக் கேட்டுப் பாத்தவை, மெலே வந்து வாசலில நிண்டவ. இவள் வெளிய வரவே இல்லை. அதுக்குப் பிறகு பந்தைத் தொடேல்லை. இவ்வளவு திறமையை வைச்சுக்கொண்டு. அதைத்தான் என்னால விளங்கிக்கொள்ள ஏலாமல் இருக்கு, தம்பி. தோல்வியைத் தாங்கத் தெரியாத பிள்ளையாய் வளந்திட்டாளே எண்டு எனக்குக் கவலை. நான் எவ்வளவோ சொல்லிக்குடுத்தனான்.

இப்ப அவளுக்குப் பத்தொன்பது. வேற இடத்தில சிநேகிதப் பிள்ளையளோட இருக்கிறாள். மருந்துக் கடையில வேலை, அதோட படிப்பு. தாயைப் பாக்க வருவாள், கிழமைக்கு ஒருக்கால் தவறாமல் வருவாள். என்ன செய்யிறது, அவளுக்கு லீவு சனிதான். எனக்கு மைதானமும் சனிதான். நான் வாற நேரம் அவள் போயிருப்பாள். பிளேன்ரீ குடிச்ச கோப்பை கழுவிக் கவுட்டு வைச்சிருக்கும். சறோ சமைச்சதில ஒரு பங்கு குறைஞ்சிருக்கும்.

ஒரு சனி மழைக்கு மைதானம் மூடிப்போட்டினம். நான் வெள்ளண வீட்ட போயிட்டன். கதவடிக்குப் போகேக்க உள்ளுக்குச் சிரிப்புச் சத்தம். அவளின்ர சிரிப்பு. நான் சொன்னன் எல்லே, முதல் நாள் சேறோட வந்து நிண்டு சிரிச்சவள் எண்டு, அதே சிரிப்பு. நான் திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டன். பிறகு திறந்தன். ரெண்டு பேரும் குசினி மேசையில இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவை. அவள் எழும்பி நிண்டாள். கையைக் கழுவினாள். "வேலைக்குக் கூப்பிட்டிட்டினம், அம்மா," எண்டு சொல்லிப்போட்டுப் பையை எடுத்தாள். பாதி இடியப்பம் தட்டில கிடந்தது. அந்த மருந்துக் கடைக்காரர் அப்பிடித்தான், நேரகாலம் பாக்காமல் கூப்பிடுவினம். பிள்ளையைச் சாப்பிடவும் விடுறேல்லை.

அதுக்குப் பிறகு சறோவில ஒரு மாற்றம். முந்தி இந்த விளையாட்டு எண்டால் முகத்தைத் திருப்பிறவ, இப்ப ஒவ்வொரு வெள்ளியும் கேப்பா. நாளைக்கு ஆட்டம் இருக்கோ. எத்தனை மணிக்கு முடியும். மழை வந்தால் என்ன செய்வியள். கடைசியாய் எத்தனை மணிக்கு வீட்ட நிப்பியள், வடிவாய்ச் சொல்லுங்கோ. இவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்பதான் அவவுக்கு விளையாட்டில ஒரு அக்கறை வந்திருக்கு. நான் நேரத்தைச் சொல்லுவன். சொன்னால் சொன்னதுதான். ஆட்டம் வெள்ளண முடிஞ்சாலும் காருக்குள்ள இருந்திட்டுத்தான் போவன். போன வருசம் ஒரு நாள் எதிர் டீம் வராமல் பதினொண்டுக்கே எல்லாம் முடிஞ்சுது. பின்னேரமட்டும் மைதானத்தில காருக்குள்ள இருந்தன். கண்ணாடி எல்லாம் மூச்சுப்பட்டு வெள்ளையாய்ப் போச்சு.

உங்கட மனுசி கை காட்டுறா, கனநேரமாய் நிக்கிறா போல. நீங்கள் எழும்புங்கோ. பிள்ளையைப் பற்றி யோசிச்சுச் சொல்லுங்கோ. இல்லையெண்டாலும் பரவாயில்லை, எனக்கு முகத்தில தெரியுது.

இல்லை, தம்பி, நான் இன்னும் வெளிக்கிடேல்லை. மேசையை மூண்டு மணிக்கு மடிக்கச் சொன்னவைதான், மூண்டு தாண்டியும் கனநேரம். ஆனால் இண்டைக்குச் சனி. நான் சறோவுக்கு நாலரை எண்டு சொல்லிப்போட்டன்.